பித்தப்பையில் கல்: ஸ்கேன் அறிக்கை கைக்கு வந்த பிறகு

வயிற்று வலிக்காகவோ முழு உடல் பரிசோதனைக்காகவோ ஸ்கேன் எடுத்திருப்பீர்கள். அறிக்கையில் பித்தப்பையில் கல் இருப்பதாக ஒரு வரி இருக்கும். அன்று மாலைக்குள் இரண்டு விதமான ஆலோசனைகள் வீடு தேடி வந்துவிடும். “உடனே ஆபரேஷன் செய்துவிடு, விட்டால் ஆபத்து” என்பார் ஒருவர். “ஆபரேஷனே வேண்டாம், வாழைத்தண்டுச் சாறு குடி, கரைந்துவிடும்” என்பார் இன்னொருவர். இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள், இரண்டின்படியும் நடக்க வேண்டாம். முதலில் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் தேடுங்கள். இந்தக் கல் இதுவரை உங்களுக்கு வலி கொடுத்திருக்கிறதா? மருத்துவரின் முடிவு பெரும்பாலும் இந்தப் பதிலைப் பொறுத்தே அமையும். கல் எத்தனை, எவ்வளவு பெரியது என்பதெல்லாம் அதற்கு அடுத்தபடிதான்.

கல் எப்படி வலிக்கிறது

கல்லீரல் நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை பித்தநீரைச் சுரக்கிறது. அதன் அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் பித்தப்பை 30 முதல் 50 மில்லி வரை மட்டுமே கொள்ளும் சிறிய பை. சாப்பாட்டு வேளைகளுக்கு இடையில் பித்தநீரை வாங்கி, அதிலுள்ள நீரை உறிஞ்சிக் கெட்டியாக்கி வைத்துக்கொள்ளும். கொழுப்புள்ள உணவு முன்சிறுகுடலுக்குள் இறங்கியதும் அங்கே ஒரு ஹார்மோன் சுரக்கும். அதன் தூண்டுதலால் பை சுருங்கிப் பித்தநீரைக் குடலுக்கு அனுப்பும்.

பை சுருங்கும் நேரத்தில் கல் அதன் கழுத்தில் போய் அடைத்துக்கொண்டால் வலி தொடங்குகிறது. கல் நகர்ந்து மறுபடியும் பைக்குள் விழுந்தால் வலி நின்றுவிடுகிறது. விருந்து சாப்பிட்ட இரவில் துடித்தவர் மறுநாள் காலை ஒன்றுமே நடக்காதவர்போல் வேலைக்குக் கிளம்புவது இதனால்தான். வலி நின்றதால் கல் போய்விட்டது என்று எண்ணிவிடக் கூடாது.

கற்களில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. பித்தநீரில் கொலஸ்ட்ரால் மிகுந்து படிகமாகிச் சேர்வது ஒரு வகை. ரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து வரும் பிலிருபின் என்னும் நிறமி சேர்ந்து உருவாகும் கரிய அல்லது பழுப்பு நிறக் கல் மற்றொன்று. வட இந்தியாவில் கொலஸ்ட்ரால் கற்களே மிகுதி. தென்னிந்தியாவில் நிறமிக் கற்களும் இரண்டும் கலந்த கற்களும் கணிசமாகக் காணப்படுகின்றன. மாத்திரையால் கரைக்க முடியுமா என்று கேட்கும்போது இந்த வேறுபாடு பெரிதாகிவிடும், பின்னால் சொல்கிறேன்.

பெண்களுக்கு, அதிலும் பல முறை கருவுற்றவர்களுக்கு, கல் வரும் வாய்ப்பு அதிகம். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் அதற்கு ஒரு காரணம். 40 வயதைக் கடந்தவர்கள், உடல் பருமன் உள்ளவர்கள், பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ கல் இருந்தவர்கள் ஆகியோரும் இந்த வரிசையில் வருகிறார்கள். பலருக்கு வியப்பளிக்கும் காரணம் ஒன்று உண்டு. பட்டினி கிடந்து மிக வேகமாக எடையைக் குறைப்பதும் கல்லை உண்டாக்கும். சாப்பிடாதபோது பை சுருங்குவதில்லை. பித்தநீர் தேங்கிக் கெட்டியாகிறது. தலசீமியா, சிக்கிள் செல் போன்ற ரத்த நோய்கள் உள்ள குழந்தைகளுக்குக்கூட நிறமிக் கற்கள் வரும்.

முதல் வேலை: உங்கள் வலியை எழுதுங்கள்

மருத்துவரைப் பார்க்கும் முன் ஒரு தாளை எடுத்து, வலி வந்த ஒவ்வொரு தடவையையும் நினைவுபடுத்தி எழுதுங்கள். எங்கே தொடங்கியது, எவ்வளவு நேரம் நீடித்தது, முன்பு என்ன சாப்பிட்டீர்கள், வாந்தி வந்ததா, ஊசி போட்ட பிறகுதான் அடங்கியதா? மருத்துவரின் அறையில் கிடைக்கும் சில நிமிடங்களில் இவை நினைவுக்கு வராது.

கல்லால் வரும் வலிக்கு ஓர் அடையாளம் உண்டு. மேல் வயிற்றின் நடுவிலோ வலப்பக்க விலா எலும்புகளுக்குக் கீழேயோ தொடங்கும். விட்டுவிட்டுச் சுருட்டிப் பிடிப்பதாக இல்லாமல் ஏறி ஒரே சீராக நின்று வலிக்கும். குறைந்தது அரை மணி நேரம், சில சமயம் சில மணி நேரம் நீடிக்கும். முதுகுக்கோ வலது தோள்பட்டை எலும்புக்கோ பரவும். குமட்டலும் வியர்வையும் சேர்ந்துகொள்ளும். புரண்டு படுத்தாலும், ஏப்பம் விட்டாலும், அமிலத்தைத் தணிக்கும் மருந்து குடித்தாலும் குறையாது.

இதில் நம் வீடுகளில் நடக்கும் இரண்டு குழப்பங்களை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். ஒன்று, இந்த வலியை ‘கேஸ்’ என்று சொல்லி ஓமத்தண்ணீரிலும் சோடாவிலும் ஆண்டுக்கணக்காகத் தள்ளிப்போடுவது. மற்றொன்று இதற்கு நேர்மாறானது. வெறும் ஏப்பம், வயிற்று உப்புசம், நெஞ்செரிச்சல் இவற்றுக்காக ஸ்கேன் எடுத்து, அதில் தற்செயலாகக் கல் தெரிய, எல்லாவற்றுக்கும் கல்தான் காரணம் என்று பித்தப்பையை எடுத்துவிடுவது. ஏப்பமும் உப்புசமும் கல் இல்லாதவர்களுக்கும் அதே அளவு வருகின்றன. அவற்றுக்காக மட்டும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் பலருக்கு அந்தத் தொல்லை அப்படியே நீடிக்கிறது. “என் வலி இந்தக் கல்லால்தான் வருகிறதா, அல்லது இரைப்பையில் ஏதாவது இருக்கிறதா?” என்று மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். எண்டோஸ்கோப்பி செய்து பார்க்கலாம் என்று அவர் சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது.

இன்னொரு எச்சரிக்கை, மிகவும் முக்கியமானது. நடு மேல் வயிற்றில் வலியும் வியர்வையும் வந்தால், குறிப்பாகச் சர்க்கரை நோய் உள்ளவர்களும் 40 வயதைக் கடந்தவர்களும், முதலில் இ.சி.ஜி. எடுத்துவிட வேண்டும். மாரடைப்பும் இதே இடத்தில் வலியாக வரும். பித்தப்பைக் கல் இருப்பது ஏற்கெனவே தெரிந்திருந்தாலும் இதைத் தவிர்க்காதீர்கள்.

அறிக்கையை வாசிக்கும் முறை

பித்தப்பைக் கல்லைக் கண்டுபிடிக்க அல்ட்ராசவுண்ட் ஸ்கேனே சிறந்தது. 6 முதல் 8 மணி நேரம் சாப்பிடாமல் இருந்து எடுக்க வேண்டும்; சாப்பிட்டால் பை சுருங்கிவிடும், உள்ளே இருப்பது சரியாகத் தெரியாது. விலை உயர்ந்த சி.டி. ஸ்கேன் இதில் மேலானது என்று நினைக்க வேண்டாம்; பல கற்கள் சி.டி.யில் தெரிவதே இல்லை.

அறிக்கையில் கோலிலிதியாசிஸ் என்று இருந்தால் பித்தப்பைக்குள் கல் இருக்கிறது என்று பொருள். கோலிசிஸ்டைடிஸ் என்றால் பை வீங்கி அழற்சி அடைந்திருக்கிறது. ஸ்லட்ஜ் என்பது கல்லாக மாறாத கெட்டியான பித்தநீர்க் கசடு. பையின் சுவர்த் தடிமன் 3 மில்லிமீட்டருக்குள் இருப்பது இயல்பு; அதைத் தாண்டி, பையைச் சுற்றி நீரும் தேங்கியிருந்தால் அழற்சியைச் சந்தேகிப்பார்கள்.

எல்லோரும் கல்லின் அளவையே பார்க்கிறார்கள். நீங்கள் சி.பி.டி. என்ற எழுத்துகளைத் தேடுங்கள். கல்லீரலிலிருந்தும் பித்தப்பையிலிருந்தும் பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுசெல்லும் பொதுப் பித்தநாளம் அது. அதன் அகலம் பெரும்பாலும் 6 மில்லிமீட்டருக்குள் இருக்கும். வயதானவர்களுக்குச் சற்றுக் கூடலாம். அது விரிந்திருந்தால் கல் நாளத்துக்குள் இறங்கியிருக்கக்கூடும். நாளத்தில் உள்ள கல்லை அல்ட்ராசவுண்ட் பல நேரங்களில் தவறவிட்டுவிடும் என்பதால், கல்லீரல் செயல்பாட்டு ரத்தப் பரிசோதனையில் பிலிருபினும் அல்கலைன் பாஸ்பட்டேஸும் கூடியிருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். சந்தேகம் வலுத்தால் எம்.ஆர்.சி.பி. என்ற எம்.ஆர்.ஐ. வகை ஸ்கேன் எடுப்பார்கள்.

‘சின்னக் கல்தான், பயமில்லை’ என்ற பேச்சையும் இங்கே திருத்திவிட வேண்டும். பெரிய கல் பையை விட்டு வெளியேறுவது கடினம். சில மில்லிமீட்டர் அளவுள்ள பொடிக்கற்களே எளிதாக நழுவி நாளத்துக்குள் போகின்றன. அங்கே மஞ்சள் காமாலையையும், கணைய நாளத்தின் வாயை அடைத்தால் கணைய அழற்சியையும் உண்டாக்குகின்றன.

காத்திருக்கலாமா, கூடாதா

வலியே வந்ததில்லை, கல் தற்செயலாகத்தான் தெரிந்தது என்றால், பெரும்பாலோருக்கு அறுவை சிகிச்சை தேவையில்லை. இப்படிக் கல் உள்ளவர்களில் சுமார் 80 சதவீதத்தினர் கடைசிவரை எந்தத் தொல்லையும் இல்லாமல் வாழ்ந்துவிடுகிறார்கள். அறிகுறி தெரியும்வரை காத்திருப்பதைக் கவனக்குறைவு என்று யாராவது சொன்னால் கலங்க வேண்டாம்.

விதிவிலக்குகள் உண்டு. கல் 3 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தாலோ, பையின் சுவரில் சுண்ணாம்பு படிந்திருந்தாலோ, 1 சென்டிமீட்டர் அளவோ அதற்கு மேலோ பாலிப் (உள்சுவரில் முளைக்கும் சதை வளர்ச்சி) இருந்தாலோ வலி இல்லாவிட்டாலும் எடுத்துவிடச் சொல்வார்கள். இந்த நிலைகளில் பித்தப்பைப் புற்றுநோய்க்கான வாய்ப்பு கூடுகிறது. அந்தப் புற்றுநோய் இந்தியாவில் கங்கைச் சமவெளி மாநிலங்களில் மிகுதியாகவும் தெற்கில் குறைவாகவும் காணப்படுகிறது. சிக்கிள் செல் நோய் உள்ளவர்களுக்கும் முன்கூட்டியே எடுப்பதுண்டு.

ஒரு முறையாவது உண்மையான கல் வலி வந்துவிட்டால் கணக்கு மாறிவிடுகிறது. அடுத்த வலி வரும் வாய்ப்பு மிக அதிகம். ஒவ்வொரு வலியோடும் பை அழுகுதல், காமாலை, கணைய அழற்சி ஆகியவற்றின் வாய்ப்பும் சேர்ந்தே வருகிறது. மகளின் கல்யாணம் முடியட்டும், மகனின் பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போடும் தாய்மார்களிடம் நான் மன்றாடிச் சொல்வது இதைத்தான்: நல்ல நிலையில் நீங்களே நாள் குறித்துச் செய்துகொள்ளும் அறுவை சிகிச்சை எளியது. காய்ச்சலோடும் சீழோடும் நள்ளிரவில் செய்ய நேர்வது அப்படிப்பட்டதல்ல.

கர்ப்பிணிகளுக்கு வலி வந்தால் மகப்பேறு மருத்துவரும் அறுவை சிகிச்சை நிபுணரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். தேவைப்பட்டால் கர்ப்ப காலத்திலேயே இந்த அறுவை சிகிச்சையைப் பாதுகாப்பாகச் செய்ய முடியும். நடு மூன்று மாதங்கள் அதற்கு ஏற்றவை.

எப்போது உடனே ஓட வேண்டும்

வலி 6 மணி நேரத்தைத் தாண்டியும் விடவில்லை, கூடவே காய்ச்சல். கண் மஞ்சளாகிறது, சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போகிறது, மலம் வெளுத்திருக்கிறது. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சலும் காமாலையும் சேர்ந்து வருகின்றன. முதுகைத் துளைக்கும் கடும் வலியோடு வாந்தி நிற்கவே இல்லை. இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரவாக இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. குளிர்க் காய்ச்சலுடன் வரும் காமாலை என்றால் பித்தநாளத்தில் கிருமி பெருகியிருக்கலாம். அது சில மணி நேரத்திலேயே ரத்தத்தில் பரவி உயிருக்கு ஆபத்தாகும். கண் மஞ்சளானதும் நாட்டு மருந்து கொடுக்கும் இடத்துக்குப் போகும் வழக்கம் இன்னும் பல ஊர்களில் இருக்கிறது. காமாலை எல்லாமே ஒரே நோயல்ல. அடைப்பால் வந்த காமாலைக்கு அடைப்பை நீக்குவதைத் தவிர வேறு வழியில்லை. முதியவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியும் காய்ச்சலும் குறைவாகவே தெரியலாம். அவர்கள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும்.

கரைக்க முடியாதா?

வாழைத்தண்டுச் சாறும் நிறையத் தண்ணீரும் சிறுநீரகக் கல்லுக்குச் சொல்லப்படுபவை. சிறுநீரகத்தின் பாதை வேறு, பித்தப்பையின் பாதை வேறு. குடிக்கும் தண்ணீர் பித்தப்பையைக் கழுவிக்கொண்டு போவதில்லை. சிறுநீரகக் கல்லை அதிர்வலையால் உடைப்பதுபோல் இதையும் உடைக்கலாமே என்று கேட்பார்கள். உடைந்த துண்டுகள் நாளத்துக்குள் இறங்கும் ஆபத்து உண்டு, பை இருக்கும்வரை கல் மறுபடியும் உருவாகும். பையை விட்டுவிட்டுக் கல்லை மட்டும் எடுக்காததற்கும் இதுவே காரணம்.

ஆலிவ் எண்ணெயையும் எலுமிச்சைச் சாற்றையும் ஒரே இரவில் குடித்தால் மறுநாள் பச்சை நிறக் கற்கள் மலத்தோடு வெளியேறும் என்று வீடியோக்கள் உலவுகின்றன. அப்படி வெளியே வந்தவற்றை ஆய்வகத்தில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். எண்ணெயும் செரிமான நீரும் வினைபுரிந்து குடலிலேயே உருவான சோப்புக் கட்டிகள் அவை. குடித்த எண்ணெயே பித்தப்பையைப் பலமாகச் சுருங்கச் செய்து, உள்ளே இருக்கும் கல்லை நாளத்துக்குள் தள்ளிவிடவும் கூடும்.

அர்சோடிஆக்சிகோலிக் அமிலம் என்ற மாத்திரை உண்மையிலேயே கல்லைக் கரைக்கக்கூடியது. ஆனால் சுண்ணாம்பு படியாத, சிறிய கொலஸ்ட்ரால் கற்களை மட்டுமே அது கரைக்கும். பித்தப்பையும் நன்றாக இயங்க வேண்டும். 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை தொடர்ந்து சாப்பிட வேண்டும். கரைந்த பிறகும் 5 ஆண்டுகளுக்குள் ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் கல் திரும்பிவிடுகிறது. நிறமிக் கல்லை அது தொடவே தொடாது. அறுவை சிகிச்சையை உடல் தாங்காதவர்களுக்கும், வேகமாக எடை குறைப்பவர்களுக்குக் கல் வராமல் தடுப்பதற்கும் இந்த மாத்திரை பயன்படுகிறது. மற்றவர்களுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அறுவை சிகிச்சைக்கு முன்

பித்தப்பையை முதன்முதலில் அறுவை சிகிச்சையால் அகற்றியவர் கார்ல் லாங்கன்பூக், பெர்லினில், 1882இல். நூறாண்டுகளுக்குப் பின் 1985இல் எரிக் மூஹே என்ற ஜெர்மானிய மருத்துவர், வயிற்றைத் திறக்காமல் சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையில் அதைச் செய்தார். 1990இல் மும்பையில் தெஹம்டன் உத்வாடியா இந்தியாவுக்கு அதைக் கொண்டுவந்தார். இன்று இதுவே வழக்கமான முறை.

செலவை முதலில் முடிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்த அறுவை சிகிச்சை செய்யப்படுகிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். உங்களுக்கான சிகிச்சை அதில் அடங்குமா என்று மருத்துவமனையில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்தில் அட்மிஷனுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். தனியார் பாலிசி வைத்திருப்பவர்கள் பத்திரத்தை எடுத்துக் காத்திருப்புக் காலம் பற்றிய பகுதியைப் படியுங்கள். பல பாலிசிகளில் பித்தப்பைக் கல்லுக்கு 2 ஆண்டு காத்திருப்பு உண்டு.

சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் அட்டையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் போன்ற, ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகளை எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நீங்களாக நிறுத்தக் கூடாது. சர்க்கரை மாத்திரைகளில் சிலவற்றைச் சில நாள்கள் முன்னதாகவே நிறுத்தச் சொல்வார்கள். மயக்க மருந்துக்கு முன் பொதுவாக 6 மணி நேரம் திட உணவு கூடாது. பாலும் காபியும் உணவுக் கணக்கில்தான் சேரும்.

மருத்துவரிடம் கேட்கத் தயங்காதீர்கள்: நாளத்தில் கல் இல்லை என்பதை எப்படி உறுதி செய்தீர்கள்? திறந்த அறுவை சிகிச்சைக்கு மாற வேண்டியிருக்குமா? பித்தநாளம் காயப்படும் வாய்ப்பு எவ்வளவு? இந்தக் காயம் ஆயிரத்தில் சிலருக்குத்தான் நேர்கிறது. நேர்ந்தால் பெரிய விஷயம். நல்ல அறுவை சிகிச்சை நிபுணர் இந்தக் கேள்விக்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அழற்சியோடு சேர்க்கப்பட்டவர்களுக்கு முன்பெல்லாம் 6 வாரம் ஆறப்போட்டுத்தான் செய்தார்கள். இப்போது உடல் தாங்குமானால் முதல் சில நாள்களுக்குள்ளேயே செய்துவிடுவது நல்லது என்று தெரிந்திருக்கிறது. லேசான கணைய அழற்சி தணிந்தவர்களுக்கும் வீட்டுக்கு அனுப்பும் முன், அதே அட்மிஷனில் பித்தப்பையை எடுத்துவிடுவது மேல்.

அன்று என்ன நடக்கும்

முழு மயக்கம் கொடுப்பார்கள். தொப்புள் அருகிலும் மேல் வயிற்றிலுமாகப் பெரும்பாலும் நான்கு சிறு துளைகள் போட்டு, கார்பன் டை ஆக்சைடு வாயுவால் வயிற்றை உப்பச் செய்து, கேமராவில் பார்த்தபடி பையைப் பிரித்தெடுப்பார்கள். ஒரு மணி நேரம் அளவில் முடிந்துவிடும். அழற்சி இருந்தால் கூடும். பை கல்லீரலோடும் நாளத்தோடும் ஒட்டிப்போய்த் தெளிவாகத் தெரியாவிட்டால் வயிற்றைத் திறந்து செய்வார்கள். அதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நோயாளியின் நாளத்தைக் காப்பாற்ற எடுக்கும் பொறுப்பான முடிவு அது.

கண் விழித்ததும் வயிற்றைவிடத் தோள்பட்டை வலிக்கிறதே என்று பயப்படுவார்கள். மிச்சமிருக்கும் வாயு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தை உறுத்துவதால் வருவது. ஓரிரு நாளில் போய்விடும். அன்று மாலையே துணையோடு எழுந்து நடக்க வேண்டும். கால் ரத்தக் குழாய்களில் ரத்தம் உறையாமல் இருக்க அது உதவும். சிக்கல் இல்லாவிட்டால் மறுநாளோ அதற்கடுத்த நாளோ வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

நாளத்துக்குள் கல் இருந்தால் தனியாக ஒரு படி உண்டு. வாய் வழியாக எண்டோஸ்கோப்பியை முன்சிறுகுடல் வரை செலுத்தி, நாளத்தின் வாயை விரித்துக் கல்லை எடுப்பார்கள். இ.ஆர்.சி.பி. என்பது இதன் பெயர். பித்தநீர் தடையின்றி வடிய ஸ்டென்ட் என்ற சிறு பிளாஸ்டிக் குழாய் வைப்பதுண்டு. இந்த ஸ்டென்ட்டைப் பெரும்பாலும் 3 மாதத்துக்குள் எடுத்துவிடவோ மாற்றவோ வேண்டும். வலி இல்லாததால் பலர் அதை மறந்தேவிடுகிறார்கள். ஆண்டுகள் கழித்து அடைத்துக்கொண்டு சீழோடு வருகிறார்கள். டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் ஸ்டென்ட் என்ற சொல் இருந்தால், அதை எடுக்க வேண்டிய தேதியை அங்கேயே கேட்டுக் காலண்டரில் குறித்துவிடுங்கள். குடும்பத்தில் இன்னொருவரிடமும் சொல்லி வையுங்கள்.

வீடு திரும்பிய பிறகு

பித்தப்பை இல்லாமலும் கல்லீரல் பித்தநீரைச் சுரந்துகொண்டேதான் இருக்கும். அது சேமிக்கப்படாமல் நேரே குடலுக்கு வடியும். ஆகவே ஆயுள் முழுவதும் பத்தியம் தேவையில்லை. முதல் சில நாள்கள் இட்லி, இடியாப்பம், ரசம் சாதம் என்று எளிய உணவாக, ஒரே வேளையில் நிறையச் சாப்பிடாமல் பிரித்துச் சாப்பிடுங்கள். இரண்டு மூன்று வாரங்களில் வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பலாம். சிலருக்கு எண்ணெய்ப் பண்டம் சாப்பிட்டதும் வயிறு இளகிப் போகும். பெரும்பாலும் நாளடைவில் சரியாகிவிடும், மாதக்கணக்கில் நீடித்தால் மருந்து உண்டு.

அலுவலக வேலைக்கு ஒன்றிரண்டு வாரத்தில் போகலாம். தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், அரிசி மூட்டை ஆகியவற்றை 4 முதல் 6 வாரம் தூக்கக் கூடாது. தொப்புள் அருகே போட்ட துளையில் குடல் பிதுங்க வாய்ப்பிருக்கிறது. வீட்டில் இருக்கும் மற்றவர்கள் இதைக் கண்டிப்பாக உணர வேண்டும். துளை சிறியதாக இருப்பதால் வலியும் சோர்வும் சிறியவை என்று எண்ணி, மூன்றாம் நாளே பெண்களை அடுப்படிக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். குறைவதற்குப் பதில் கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ, கண் மஞ்சளானாலோ, வயிறு உப்பி வாந்தி நிற்காவிட்டாலோ, காயத்திலிருந்து பச்சை மஞ்சள் நிற நீர் கசிந்தாலோ அறுவை சிகிச்சை செய்த இடத்துக்கே திரும்பப் போங்கள். வேறு எங்காவது வலி ஊசி போட்டுக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள்.

எடுத்த பித்தப்பையை உங்களிடம் காட்டிவிட்டுத் திசுப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அனுப்பினார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சில நாள்களில் வரும் அந்த அறிக்கையைத் தையல் பார்க்கப் போகும்போது மறக்காமல் வாங்கி, மருத்துவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிக் கோப்பில் வையுங்கள். ஸ்கேனில் தெரியாத புற்றுநோய் எப்போதாவது அந்த ஒரு தாளில்தான் முதன்முதலில் தெரியவருகிறது. அப்போது அடுத்த சிகிச்சையைத் தாமதமின்றித் தொடங்க வேண்டியிருக்கும்.